இல்லமும் இயந்திரமும்: விழிக்க மறுக்கும் கணினி



சென்ற திங்கள் இப்பகுதியில் மழைக்காலத்தில் மின்சாதனங்களைக் காப்பது குறித்துச் சில சொற்கள் எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் பலர் எம்மை நேரில் கண்டு, "மின்விசிறியும் குளிர்ப்பெட்டியும் இருக்கட்டும், வீட்டுக் கணினி ஒருநாள் காலையில் விழிக்க மறுத்துவிட்டால் யாது செய்வது? அதனைச் சொல்லுங்கள்" எனக் கேட்டனர். கேள்வி முறையானதே. கல்லூரி விண்ணப்பம், கப்பற் சீட்டு, ஓய்வூதியக் கணக்கு, பிள்ளைகளின் பாடம், திருமணப் படங்கள் ஆகிய யாவும் இன்று அப்பெட்டிக்குள்ளேதான் குடியிருக்கின்றன. ஆதலின் இத்திங்கள் அது பற்றியே எழுதத் துணிந்தோம்.

சென்னையிலோ மதுரையிலோ வாழ்பவர் தம் கணினி பழுதுற்றால் அடுத்த தெருவரை சென்று வருவார். ஸ்ரீ விஜய புரம் என 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேரிலும் பழுது பார்ப்போர் உளர். ஆனால் கட்சாலிலும் கமோர்ட்டாவிலும் காம்பெல் பேயிலும் வாழும் நம் உறவினர்க்குப் பழுது பார்ப்பவரிடம் செல்வதே ஒரு கப்பற் பயணம் அன்றோ? பெருநிலத்துக்கு அனுப்புவதென்றால், ஏறத்தாழ மூன்று நாட் கடல் வழி. எனவே, எது நம் கையால் ஆவது, எது ஆகாதது என்று பிரித்தறியும் அறிவு பிறரைக் காட்டிலும் நமக்கே மிகுதியாக வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது

நம் உறுப்பினர் குடும்பம் ஒன்றுக்குச் சென்ற ஆடித் திங்களில் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அவ்வீட்டுப் பாட்டியார் இளமையில் இராமநாதபுரச் சீமையிலிருந்து கப்பலேறி இத்தீவுக்கு வந்தவர். வந்த நாளில் கண்ட காடு, முதல் மழையில் ஒழுகிய கூரை, கடிதம் வருவதற்குக் காத்திருந்த கிழமைகள் ஆகியவற்றை அவர் தம் வாயாலேயே சொல்ல, பேரன் அவற்றையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வீட்டு மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தான். பின்னர் அப்பேரன் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் சென்றுவிட்டான். பாட்டியார் தைத் திங்களில் காலமானார். அவர் குரல் அக்கணினி ஒன்றில் மட்டுமே எஞ்சியிருந்தது.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தார் ஊருக்குச் சென்று இரண்டு திங்கள் கழித்துத் திரும்பினர். அலமாரியில் பூட்டி வைத்திருந்த கணினியை எடுத்து விசையை அழுத்தினால், விளக்கில்லை, ஒலியில்லை. கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றனர். கடைக்காரர் சிறிது நேரம் தட்டிப் பார்த்தார். திரையில் நீல நிறத்தில் ஏதோ ஓர் அறிவிப்பு வந்து நின்றது. "உள்ளேயிருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிடலாம்; ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்றார் அவர். தந்தையார் இசைந்துவிட்டார். உடன் சென்றிருந்த மகள்தான், "அண்ணனைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம், அப்பா" என்று கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மாலையில் நம் சங்கக் கூடத்துக்கு வந்து எம் முன் வைத்தாள்.

அதன்பின் நிகழ்ந்ததைப் பிறகு சொல்வோம். கணினி எங்ஙனம் விழிக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

விழிக்கும் முறை

கணினியைத் துவக்குவதை ஆங்கிலத்தில் 'பூட்' செய்தல் என்பர். காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்ற ஒரு சொல்வழக்கிலிருந்து பிறந்தது அப்பெயர். தன் தோள்மீது தானே ஏறி நிற்பது போன்ற வேலை அது. ஏனெனில், கணினியை இயக்கும் விண்டோஸ் போன்ற பெருநிரல் வட்டிலே உறங்குகிறது. அதனை வட்டிலிருந்து எடுத்து வரவும் ஒரு நிரல் வேண்டும். அச்சிறு நிரல் மதர்போர்டின்மேலுள்ள ஒரு சில்லில் நிலையாகப் பதிந்துள்ளது. அதனைப் பயாஸ் என்பர். புதிய கணினிகளில் அதன் வழிவந்ததற்கு யு.இ.எஃப்.ஐ. என்று பெயர்.

நம் மீனவ அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். படகின் டீசல் இயந்திரத்தைக் கைப்பிடி கொண்டு சுழற்றுகிறோம். சுழற்சி பிடித்தபின் இயந்திரம் தானே ஓடுகிறது. அவ்வாறே கணினியிலும் நான்கு படிகள் உள. முதலில் மின்சாரம் வர வேண்டும். அடுத்து, சிறுநிரல் விழித்து, ராம் என்னும் நினைவகம், திரை, விசைப்பலகை முதலியவை நலமாக உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, வட்டினைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்காவதாக, வட்டிலுள்ள பெருநிரலை எழுப்பி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

கணினி விழிக்கவில்லை என்றால், இந்நான்கில் எந்தப் படியில் நின்றது என்று காண்பதே முதல் வேலை. விளக்கே எரியவில்லையா? முதற்படி. விளக்கும் விசிறியும் இயங்கியும் திரை இருண்டிருக்கிறதா? இரண்டாம் படி. உற்பத்தியாளர் பெயர் தோன்றி, வட்டு இல்லை என்ற செய்தி வருகிறதா? மூன்றாம் படி. விண்டோஸ் தொடங்கி நடுவில் நிற்கிறதா, நீலத்திரை காட்டுகிறதா, சுழன்று சுழன்று மீண்டும் தொடங்குகிறதா? நான்காம் படி. இதனை அறியாமல் மருந்து தேடுவது, நோய் எதுவென்று கேளாமல் மாத்திரை விழுங்குவதை ஒக்கும். திரையில் தோன்றும் சொற்களைக் கைப்பேசியால் படம் எடுத்து வையுங்கள். பின்னர் யாரிடம் சென்றாலும் அப்படம் பெருந்துணை செய்யும்.

முதற்படி: மின்சாரம்

நம் தீவுகள் பெருநிலத்தின் மின்வலையோடு இணைந்தவை அல்ல. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இங்கேயே டீசல் இயந்திரங்களால் ஆக்கப்படுவது. மின்சாரம் போவதும் வருவதும், அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் நாம் அறிந்தனவே. ஆதலின் கணினியை ஐயுறுமுன் சுவரிலுள்ள பிளக்கை ஐயுறுக. அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால், அடுத்துச் சார்ஜரைப் பாருங்கள்; அதன் சிறு விளக்கு எரிகிறதா, கம்பி எங்கேனும் நைந்துள்ளதா, முனையில் பச்சைக் களிம்பு ஏறியுள்ளதா என்று காணுங்கள். மேசைக் கணினியாயின், பெட்டியின் பின்புறத்தில் தனியே ஒரு விசை இருக்கும். வீட்டைத் துடைக்கும்போது அது அணைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

இவை நலமாயின் மடிக்கணினிக்கு ஓர் எளிய மருந்து உண்டு. சார்ஜரையும் உடன் செருகியுள்ள அனைத்தையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாயின் அதனையும் எடுத்துவிடுங்கள். பின் துவக்க விசையை முப்பது நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சி நிற்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். அதன்பின் சார்ஜரை மட்டும் செருகி, சிறிது நேரம் ஊட்டம் ஏறவிட்டு, விசையை அழுத்துங்கள். இறந்துவிட்டதெனக் கருதிய கணினிகள் பல இம்முறையால் எழுந்ததை யாம் கண்டுள்ளோம்.

இவ்விடத்தில் மூன்று எச்சரிக்கைகள். பேட்டரி உப்பியிருந்தால், அஃதாவது விரல் தடவும் பலகையோ அடிப்பகுதியோ மேலெழும்பியிருந்தால், ஊட்டம் ஏற்றாதீர்கள்; அழுத்தாதீர்கள்; துளையிடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது. மேசைக் கணினியில் மின்சாரத்தை மாற்றித் தரும் இரும்புப் பெட்டியைத் திறவாதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். கணினி நனைந்திருந்தால் விசையைத் தொடவே வேண்டா. அரிசிப் பானைக்குள் புதைப்பதும் பயன் தாராது. உப்புநீராயின் உலோகம் விரைவில் அரிக்கப்படுவதால், தாமதியாமல் பழுது பார்ப்பவரிடம் சேர்ப்பதே வழி.

இரண்டாம் படி: இருண்ட திரை

விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. மேசைக் கணினியாயின் திரைக்குரிய கம்பியும் அதன் மின்சாரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். மடிக்கணினியாயின், எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் படம் தெரிந்தால் கணினி நலமே, பழுது திரையில்தான்.

எங்கும் படம் இல்லையெனில் ராமை ஐயுறலாம். நம் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுகள் இவை. ராம் அட்டையின் பொன்னிறப் பற்களில் மெல்லிய களிம்பு படிந்தால் தொடர்பு அறுந்துவிடும். மேசைக் கணினியை மின்சாரத்திலிருந்து முற்றும் நீக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் மின்னூட்டத்தைப் போக்கிய பின், அட்டையைக் கழற்றிப் பற்களை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் இறுகச் செருகுங்கள். இரண்டு அட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் விழித்து மற்றொன்றில் விழிக்காவிடில் குற்றவாளி யாரென்பது வெளிப்படை. மடிக்கணினியைத் திறந்து பழகாதவர்கள் இவ்வேலையை அறிந்தவரிடம் விட்டுவிடுக.

சில கணினிகள் விழிக்க இயலாதபோது 'பீப்' என ஒலிக்கும். சில விளக்கைச் சிமிட்டும். எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது கணினி பேசும் மொழி. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அம்மொழி வேறுபடும். பொருளை அவரவர் கையேட்டில் காணலாம்.

தீவு வாழ்க்கைக்குரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கப்பலின் குளிர்பதன அறையிலிருந்து கணினியை வெளியே எடுத்தவுடன் துவக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்வைபோலப் படியும். ஒரு மணி நேரமேனும் பையிலேயே வைத்திருந்து பின் எடுப்பது நலம்.

மூன்றாம் படி: வட்டு காணவில்லை

'துவக்கத்துக்குரிய வட்டு இல்லை' என்னும் பொருள்படும் ஆங்கிலச் செய்தி திரையில் வந்தால் அஞ்ச வேண்டா. முதலில் பென்டிரைவ் ஏதேனும் செருகியுள்ளதா என்று பாருங்கள். கணினி அதனையே வட்டெனக் கருதி, அதில் விண்டோஸைத் தேடி ஏமாந்து நிற்கும். அதனை உருவிவிட்டால் பல வேளைகளில் தொல்லை தீர்ந்துவிடும்.

அஃதில்லையெனில், துவக்கியவுடன் எஃப்2, எஃப்10, டெலிட், எஸ்கேப் ஆகியவற்றுள் தம் கணினிக்குரிய விசையை அழுத்திப் பயாஸ் பக்கத்துக்குச் செல்லலாம். அங்கே வட்டின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்; எதனையும் மாற்றாதீர்கள். பெயர் தெரிந்தால் வட்டு உயிரோடுள்ளது, வரிசை பிறழ்ந்திருக்கலாம். தெரியாவிடில் இணைப்பு தளர்ந்திருக்கலாம். வட்டே பழுதுற்றிருக்கவும் கூடும். பழைய சுழல் வட்டிலிருந்து 'டிக், டிக்' என ஒலி வந்தால் அக்கணமே அணைத்துவிடுங்கள். மேலும் மேலும் துவக்கிப் பார்ப்பது உள்ளேயிருக்கும் செல்வத்தை நாமே அழிப்பதாகும்.

அப்பக்கத்தில் நாளும் நேரமும் பல ஆண்டு பின்னோக்கிக் காட்டினால், மதர்போர்டிலுள்ள சிறு நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் மின்கலம். அது தீர்ந்தால் கணினி நாளை மட்டுமன்றித் தன் அடிப்படை அமைப்புகளையும் மறந்துவிடும். விலை சிறிதாயினும் விளைவு பெரிது; அதனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

நான்காம் படி: தொடங்கி நிற்பது

விண்டோஸ் தொடர்ந்து இருமுறை தொடங்க இயலாமல் தடைப்பட்டால், அடுத்த முறை தானாகவே மீட்புப் பக்கத்துக்குச் செல்லும். அங்கே 'டிரபிள்ஷூட்', அதனுள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பவற்றைத் தேர்ந்தால் பல வழிகள் தோன்றும். அவற்றை மென்மையிலிருந்து வன்மைக்கு என்ற வரிசையில் முயல வேண்டும். முதலில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்'. அது துவக்கக் கோப்புகளைத் தானே செப்பனிடும். அடுத்து, அண்மையில் ஏறிய புதுப்பிப்பை நீக்குதல். பின்னர் 'சிஸ்டம் ரெஸ்டோர்'; அது கணினியின் அமைப்பை முந்தைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டு செல்லும், நம் படங்களையும் கடிதங்களையும் தொடாது. எல்லாவற்றுக்கும் இறுதியாக நிற்பது 'ரீசெட்'. அதிலும் இரு வகை உண்டு. ஒன்று நம் கோப்புகளை வைத்துக்கொண்டு ஏற்றிய நிரல்களை மட்டும் நீக்குவது. மற்றொன்று யாவற்றையும் துடைப்பது. இரண்டையும் படித்தறியாமல் விசையைத் தொடுவது தகாது.

இவற்றினிடையே 'சேஃப் மோடு' என்று ஒன்று உண்டு. 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' என்பதில் மறுதுவக்கம் செய்து 4 என்னும் எண்ணை அழுத்தினால், கணினி இன்றியமையாத சில நிரல்களை மட்டும் கொண்டு எழும். காய்ச்சல்காரர்க்குக் கஞ்சி மட்டும் கொடுப்பது போன்றது அது. அந்நிலையில் கணினி எழுந்துவிட்டால், புதிதாக ஏறிய ஏதோ ஒன்றே நோய்க்குக் காரணம் என்று துணியலாம்.

இச்சிறு மருந்தின் பெருமையை உலகமே ஒருநாள் கண்டது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுடுஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் நிரலுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு அது புறப்பட்டது. அதில் இருந்த பிழையால் அதனைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் வீழ்ந்தன. எழுப்பினால் மீண்டும் வீழ்ந்தன. 78 நிமிடத்துக்குள் நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிப்புற்றன என மைக்ரோசாஃப்ட் பின்னர் அறிவித்தது. மருத்துவமனைகளும் வங்கிகளும் விமான நிலையங்களும் திகைத்தன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் ஏறுசீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

அதற்கு மருந்து யாது? கணினியைச் சேஃப் மோடில் எழுப்பி, அந்நிறுவனத்தின் கோப்புறையிலிருந்து பிழையுற்ற ஒரேயொரு கோப்பை நீக்கி, மறுபடி துவக்குதல். அவ்வளவே! பல இலட்சம் கணினிகளை எவரும் அழித்து எழுதவில்லை. உலகின் பெருநிறுவனங்கள் கைக்கொண்ட அதே முறை நம் வீட்டு மேசையிலும் செல்லும். ஆனால் அன்று தொழில் வல்லுநர்களையே தடுத்து நிறுத்திய ஒரு கதவும் இருந்தது. வட்டுப் பூட்டு என்பது அதுவே. நம் உறுப்பினரின் கணினியும் அக்கதவின் முன்புதான் நின்றது.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

அன்று மாலை அப்பெண் கணினியை எம் முன் வைத்தபோது விளக்கு எரியவில்லை. கடையில் ஒருமுறை விழித்தது மீண்டும் உறங்கிவிட்டது. முப்பது நொடி முறையைச் செய்து, சார்ஜரை மட்டும் செருகி அரைமணி காத்திருந்து துவக்கினோம். விழித்தது. பயாஸ் பக்கத்தில் வட்டின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. நாள் மட்டும் பல ஆண்டு பின்தங்கியிருந்தது. இரண்டு திங்கள் ஊட்டமின்றிக் கிடந்ததில் உட்கடிகாரத்தின் மின்கலம் தீர்ந்து, அடிப்படை அமைப்புகள் மாறியிருந்தன. மேற்கொண்டு சென்றதும் அந்நீலப் பக்கம் வந்தது. அதில் பழுதுச் செய்தி ஏதும் இல்லை. மீட்புத் திறவுகோலின் நாற்பத்தெட்டு இலக்கங்களைத் தருக என்றே அது கேட்டது.

அன்பர்களே, இதனை ஊன்றிப் படியுங்கள். இக்காலத்து விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டிலுள்ள அனைத்தும் மறைகுறியாக்கப்பட்டுப் பூட்டப்பட்டுள்ளன. பிட்லாக்கர் என்பது அப்பூட்டின் பெயர். 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு புதிதாக நிறுவப்படும் கணினிகள் பெரும்பாலானவற்றில் இப்பூட்டு தானாகவே விழுகிறது. வாங்கியவர் அறிவதே இல்லை. திருடன் கணினியைக் கொண்டு சென்றாலும் உள்ளிருப்பதைப் படிக்க இயலாது என்பது இதன் நன்மை. ஆனால் மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் அமைப்புகள் மாறினாலோ, கணினி நம்மையே திருடரென ஐயுற்றுத் திறவுகோலைக் கேட்கும். ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதி. அது இல்லையேல் கடைக்காரராலும் இயலாது, மைக்ரோசாஃப்டாலும் இயலாது. அழித்துப் புதிதாக எழுதுவதொன்றே எஞ்சும்.

கடைக்காரர் தீயவரல்லர். திறவுகோல் எங்கோ இருக்கக்கூடும் என்று கேட்கும் பொறுமை அவரிடம் இல்லை, அவ்வளவே.

"இக்கணினியை முதன்முதல் அமைத்தவர் யாரம்மா?" என்று கேட்டோம்.

"அண்ணன்தான் ஐயா. வாங்கிய அன்றே தன் மின்னஞ்சலைக் கொடுத்து ஏதோ செய்தார்" என்றாள் அவள்.

அங்கிருந்தே கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். தன் கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கினுள் சென்று, தன் கணினிகளின் பட்டியலில் மீட்புத் திறவுகோல் என்ற பகுதியைத் திறக்கச் சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின், "இருக்கிறது அண்ணா, இருக்கிறது" என்றான். நீலத்திரையில் தெரிந்த அடையாள எழுத்துகளும் அவன் கண்டவையும் ஒன்றே என ஒப்பு நோக்கிய பின், அவன் ஆறாறாகப் படிக்க, தங்கை ஒவ்வொன்றாக அழுத்தினாள். எட்டாம் தொகுதி முடிந்ததும் திரை கறுத்தது. பின் விண்டோஸ் வழக்கம்போல் எழுந்தது.

தந்தையார் பேசவில்லை. மகள் ஒலிக்கோப்பு ஒன்றைத் தொட்டாள். "அப்போ இங்கே ரோடு ஏது, விளக்கு ஏது" என்று ஒரு முதிய குரல் கூடத்தில் ஒலித்தது. மறுமுனையில் பேரனும் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இனிச் செய்ய வேண்டுவன

அன்றிரவே அவ்வொலிப்பதிவுகளை ஒரு வெளிவட்டில் படியெடுத்தோம். மறுநாள் இணையம் வழியாக மற்றொரு படி கோயம்புத்தூர் சென்றது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னைக்கும் நமக்குமிடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி தொடங்கி வைக்கப்படும் முன், செயற்கைக்கோள் வழி வந்த மெல்லிய இணையத்தில் இவ்வாறு அனுப்புதல் பெருந்தொல்லையாக இருந்தது. இன்று அத்தடை பெரிதும் நீங்கியுள்ளது, நாம்தான் பயன்படுத்திக்கொள்வதில்லை.

அறிந்தோர் வகுத்த விதி எளியது: மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். வேற்றிடம் ஏன் என்று இத்தீவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தபோது, வீட்டோடு பத்திரமும் சான்றிதழும் படங்களும் போயின. ஒரே அலமாரியில் வைத்த இரண்டு படிகள் அன்று ஒரு படியே. நமக்கோ பெருநிலத்தில் அண்ணனோ அத்தையோ மாமனோ இல்லாத குடும்பம் இல்லை. ஆண்டுக்கொருமுறை ஊருக்குச் செல்லும்போது ஊறுகாய்ப் பாட்டிலோடு ஒரு வட்டினையும் கொண்டு சென்று அவர்கள் அலமாரியில் வைத்து வாருங்கள்.

கணினி நலமாயிருக்கும் இன்றே, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் திறவுகோலைத் தேடி, அந்நாற்பத்தெட்டு இலக்கங்களையும் காகிதத்தில் எழுதி, குடும்ப அட்டை இருக்கும் உறையில் வையுங்கள். கணினியினுள்ளேயே எழுதி வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாகும். தொலைபேசியில் அழைத்து அவ்விலக்கங்களைக் கேட்கும் அயலார் எவராயினும் சொல்லாதீர்கள். கணினியை யார் மின்னஞ்சலால் அமைத்தோம் என்பதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்; பிள்ளைகள் வேலைக்கெனப் பிரிந்து செல்லும் நம் குடும்பங்களுக்கு இக்குறிப்பு மிக வேண்டுவது.

நெடுநாள் ஊருக்குச் செல்வோர் கணினியைப் பாதியளவு ஊட்டத்தோடு அணைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் மூடிய பெட்டியில் வைத்துச் செல்க. மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். ஒன்று இன்றியமையாதது, மின்சாரம் திடீரென அறும்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகளே முதலில் சிதைகின்றன. இடி முழங்கும்போது பிளக்கை உருவிவிடுக. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாற எண்ணுவோர் படியெடுத்த பின்னரே கை வைக்க வேண்டும்.

விண்டோஸ் எவ்வகையாலும் எழாமல், வட்டு மட்டும் நலமாகவும் பூட்டப்படாமலும் இருந்தால் மற்றொரு வழி உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்கமுறையையோ, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸையோ வேறொரு கணினி கொண்டு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து இக்கணினியைத் துவக்கி, கோப்புகளை வெளிவட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. கடைக்குச் செல்லும்போது, "இதனுள் எங்கள் கோப்புகள் உள்ளன, எங்களைக் கேளாமல் எதனையும் அழிக்க வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள், சொல்வதோடு நில்லாமல் ரசீதிலும் எழுதி வாங்குங்கள். கணினியை மீண்டும் வாங்கிவிடலாம். பாட்டியாரின் குரலை எந்தக் கப்பலும் கொண்டு வாராது.

இவற்றைச் செய்ய அறியாத முதியோர் தம் கணினியோடு மாலை வேளையில் சங்கக் கூடத்துக்கு வருக. திறவுகோலைக் கண்டெடுத்து எழுதிக் கொடுக்க நம் இளைஞர்கள் முன்வர வேண்டுமெனவும் கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் வீட்டுக்கு அரைமணி நேரம், அதற்குமேல் வேண்டியதில்லை.

அடுத்த திங்கள் கைப்பேசியின் ஈரக்காப்புக் குறித்து எழுதுவோம். நலம் பெருகுக.